திங்கட்கிழமைத் தட்டுகள்

அன்று காலை கொட்டகையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேஸ்திரி இருந்தார். பெங்களூர்க்காரர். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், கோபம் வந்தால் மறுபடி கன்னடம்.

திராவகத் தொட்டிக்காரர் இருந்தார். பாகலூர்ப் பக்கம், தெலுங்கு பேசுகிறவர். வாயில் வெற்றிலை இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை.

உலைக்காரர் இருந்தார். மத்திகிரிக் கிறிஸ்தவர். கேலி பேசாமல் இருக்க அவரால் முடியாது.

தட்டைக் கூழில் முக்கி எடுக்கிற அக்கா இருந்தாள். கழுவுகிற தொட்டியில் நான் இருந்தேன்.

முதலாளி இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை பூஜை முடித்து எட்டரைக்குத்தான் வருவார்.

தை மாதம். தகரக் கூரையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. ஓசூர் மெட்ராஸோடு இருக்குமா, மைசூரோடு போகுமா என்று டீக்கடையில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம். எனக்கு அந்தக் கவலை இல்லை. புதன்கிழமைக்கு மேல் நான் ஓசூரில் இருப்பேனா என்பதுதான் கவலை.

எங்கள் கொட்டகையில் எனாமல் தட்டு செய்தார்கள். ஆஸ்பத்திரிக்கும் ஓட்டலுக்கும் போகும். தட்டு வடிவத்துக்கு இரும்புத் தகட்டை பெங்களூரில் அழுத்தி லாரியில் அனுப்புவார்கள். வரும்போது எண்ணெய்ப் பிசுக்கும் துருவுமாக வரும். கண்ணாடித் தூளைக் களிமண்ணோடு அரைத்துக் கூழாக வைத்திருப்போம். அதில் முக்கி, காயவைத்து, உலையில் விட்டால் கண்ணாடி உருகி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். இரும்பு சுத்தமாக இருந்தால்தான் ஒட்டும். முக்கால் வேலை சுத்தம் பண்ணுவதுதான்.

முதலில் காரத் தண்ணீரில் கொதிக்கவிட்டு எண்ணெயை எடுப்போம். அடுத்தது திராவகம். ஈயத்தகடு போர்த்திய மரத்தொட்டியில் சூடான கந்தகத் திராவகம் இருக்கும். தட்டுகளை மரக்கூண்டில் வரிசையாகச் செருகி, கூண்டோடு அதில் இறக்குவார்கள். துரு கழன்று இரும்பு சாம்பல் நிறத்தில் வெளியே வரும். அதற்குப் பிறகு என் கைக்கு வரும். பச்சைத் தண்ணீரில் இரண்டு தடவை, சோடாத் தண்ணீரில் ஒரு தடவை. திராவகம் ஒரு சொட்டு மிச்சமிருந்தாலும் வினை.

தட்டைச் சாய்த்துத் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன். தண்ணீர் ஒரே விரிப்பாக இறங்கவேண்டும். சேம்பு இலையில் ஓடுவதுபோல முத்து முத்தாகப் பிரிந்தால் எண்ணெய் போகவில்லை. அந்தத் தட்டு திரும்பவும் காரத்துக்குப் போகும். விரிப்பாக இறங்கிய தட்டை யாரும் வெறுங்கையால் தொடக்கூடாது. விரல் பட்ட இடத்தில் எனாமல் ஒதுங்கிக்கொள்ளும். கையில் துணி சுற்றி ஓரத்தைப் பிடிப்போம். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு வந்தால் மேஸ்திரி வாசலிலேயே நிறுத்திச் சாம்பலைக் கொடுப்பார், தேய்த்துக் கழுவிவிட்டு வரச் சொல்லி.

இவ்வளவு செய்தும் சில வாரங்களாகத் தட்டுகள் தெறித்தன.

உலையிலிருந்து வரும்போது ஒரு குறையும் இருக்காது. பால் மாதிரி வெள்ளையாக, முகம் பார்க்கிற மாதிரி வரும். கிடங்கில் வைக்கோல்மேல் அடுக்கிவிட்டுப் போவோம். மறுநாள் பார்த்தால் அங்கங்கே நகக்கண் அளவுக்குப் பிறை பிறையாகச் சில்லு பெயர்ந்து கிடக்கும். பெயரும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். யாரும் தொடாமலே வரும். தானாக வந்த சத்தத்தைக் கேட்டு அக்கா முதல் நாள் கிடங்கிலிருந்து ஓடியே வந்துவிட்டாள்.

எல்லாம் திங்கட்கிழமைச் சரக்கு. மற்ற நாள் தட்டு நின்றது. திங்கட்கிழமைத் தட்டு தெறித்தது. ஏன் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எங்கள் பக்கம் மதுவிலக்கு. எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் மைசூர் ராஜ்யம், அங்கே கடை உண்டு. ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்விட்டுத் திங்கட்கிழமை தலைக்கனத்தோடு வருகிறார்கள் என்றாள் அக்கா. தகடு சரியில்லை என்றார் உலைக்காரர். கண்ணாடித் தூள் சரியில்லை என்றார் தொட்டிக்காரர். ஞாயிற்றுக்கிழமை பூராவும் கழுவுகிற தொட்டியில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது, அதுதான் என்றார் மேஸ்திரி. முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை என்னைக் கூப்பிட்டார்.

"கழுவுறதுலதாம்மா கோளாறு. எனக்கு வேற ஒண்ணும் தோணல."

"தண்ணிய மாத்தித்தானுங்க கழுவறேன்."

"மாத்துறியோ என்னமோ. இந்தத் திங்கக்கெழம சரக்கும் தெறிச்சிதுன்னா நீ வேற எடம் பாத்துக்க. புதன்கெழம சரக்கேத்த லாரி வரும்போது பாத்துடுவேன்."

சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் நாட்றாம்பாளையத்துப் பெண். கட்டிக்கொடுத்தது அஞ்செட்டியில். வீட்டுக்காரர் காப்பித் தோட்ட வேலைக்கென்று குடகுக்குப் போனார், வரவில்லை. அண்ணன் வீட்டில் இருந்தேன். சோற்றுக்குக் குறை வைக்கவில்லை. போடும்போது அண்ணி கரண்டியைச் சட்டியில் ஒரு தட்டு தட்டுவாள். அந்தச் சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஓசூருக்கு வந்துவிட்டேன். சந்தைக்குப் பின்னால் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. அதை நானே போடுவேன், நானே திறப்பேன். அதை விட்டுப் போக மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமையே வந்து தொட்டியை இறைத்துக் கவிழ்த்துத் தேய்த்துப் புதுத் தண்ணீர் நிரப்பினேன். திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்தேன். தண்ணீர் சரிதானா என்று பார்க்க, சனிக்கிழமை காரத்தில் போட்டு மிச்சமாகக் கிடந்த ஒரு தட்டை எடுத்துக் கழுவினேன். விரிப்பாக இறங்கியது. காயவைத்தேன்.

ஏழேகாலுக்கு இரண்டு கூண்டும் திராவகத்தில் இறங்கின. ஒரு கூண்டுக்கு நாற்பத்தெட்டுத் தட்டு.

திங்கட்கிழமை ராகு காலம் ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியும். மற்ற நாட்களில் அது பகலில் எப்போதோ வரும். அதற்குள் திராவக வேலை முடிந்திருக்கும். திங்கட்கிழமை மட்டும் வேலை தொடங்குகிற நேரத்திலேயே வந்து நிற்கும். போன கார்த்திகையில் முதலாளி ராகு காலத்தில் உலை மூட்டப்போய், உலையின் வளைவுச் செங்கல் வெடித்துவிட்டது. அதிலிருந்து அந்த நேரத்தில் எதையும் தொடங்கக்கூடாது என்பது கண்டிப்பு. அதனால் மேஸ்திரி ஒரு வழி வைத்திருந்தார். ஏழரைக்கு முன்னால் தட்டைத் திராவகத்தில் இறக்கிவிடுவது. வேலை நல்ல நேரத்தில் தொடங்கியதாகிவிடும். ஒன்பது அடித்ததும் எடுத்துக் கழுவுவது.

"எறக்கியாச்சி. இனி ராகு போவட்டும்" என்று மேஸ்திரி சாக்கின்மேல் உட்கார்ந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

என்னால் உட்கார முடியவில்லை. தொட்டிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். துணியை மடித்தேன், பிரித்தேன். தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தேன். பெங்களூர் ரோட்டில் ஒரு லாரி போனது. போய் எட்டிப் பார்த்தேன். நம் லாரி புதன்கிழமைதான் என்று தெரிந்தும் பார்த்தேன்.

"கூத்கோம்மா. உன்னப் பாத்தா எனக்குத் தல சுத்துது" என்றார் மேஸ்திரி.

"உக்காந்துதான் இருக்கேன்."

உலைக்காரர் சிரித்தார். "நடந்துகினே உக்காந்திருக்கிற பொம்பளைய இங்கதான் பாக்கறேன்."

திராவகத் தொட்டியருகே போனேன். குமிழி குமிழியாகப் பொங்கிக்கொண்டிருந்தது. ஆவி மூக்கில் ஏறிக் கண் எரிந்தது. மற்ற நாளில் தொட்டிக்காரர் கூண்டை இறக்கியதும் ஒரு வெற்றிலை போடுவார். மென்று முடித்துத் துப்பினால் கூண்டு மேலே வரும். அவருக்கு அதுதான் கடிகாரம். அன்று அவர் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து இன்னொரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

"இது எத்தினியாவது, நைனா?" என்றார் உலைக்காரர்.

"மூணு."

"ராகு காலத்துல தட்டு வேவுதோ இல்லியோ, ஒன் நாக்கு வெந்துடும்."

"ஊறட்டும் உடுப்பா. ஊற ஊறத்தான் சுத்தம். எங்கூட்ல உளுந்து ஊறப்போடறதில்லியா?"

"உளுந்து ரொம்ப ஊறுனா என்னாவும்? தோலு தானா கழண்டு வந்துடும். கேட்டுப் பாரு ஒம் பொண்டாட்டிய."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தோல் கழன்று வந்துவிடும் என்ற பேச்சு என்னை நிறுத்திவிட்டது. கிடங்கில் கிடந்த பிறைச் சில்லுகள் கண்ணுக்கு வந்தன.

"அண்ணா, எடுத்துடுங்க" என்றேன் தொட்டிக்காரரிடம்.

"எத?"

"கூண்ட. மத்த நாளு ஒரு வெத்தலதான? இன்னிக்கி மூணு."

அவர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி எழுந்தார்.

"பேடாம்மா. ஒம்பது அடிக்கட்டும்."

"எடுக்கறது ஆரம்பம் இல்லீங்களே. எறக்குனதுதான ஆரம்பம். எடுக்கறது முடிவு."

"எடுத்தா கழுவணும். கழுவறது ஆரம்பம்."

"கழுவாம வெச்சிருக்கட்டும்" என்றாள் அக்கா.

"வெச்சிருந்தா இத்துப்போவும். பாத்துகினு இருக்கும்போதே துரு ஏறிடும்" என்றார் மேஸ்திரி.

அது உண்மைதான். திராவகத்திலிருந்து எடுத்த இரும்பு காற்றில் நிற்காது. தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

உலைக்காரர்தான் காயவைத்திருந்த தட்டைக் காட்டினார். "மேஸ்திரி, இது எப்ப கழுவுனது?"

"யாரு கழுவுனா?" என்றார் மேஸ்திரி.

"நான்தானுங்க. வந்ததும் கழுவுனேன். ஏழு இருக்கும்."

"அப்ப கழுவற வேல ஏழு மணிக்கே ஆரம்பிச்சாச்சி" என்றார் உலைக்காரர். "நல்ல நேரத்துல. ராகுவுக்கு இன்னா சொல்றதுக்கு இருக்குது? நம்ம அந்தோணியாரு கூட ஒத்துக்குவாரு."

"ஒன் அந்தோணியாரு வந்து மொதலாளிக்கு பதிலு சொல்லுவாரா?"

"அவுரு தொலஞ்சத தேடிக் குடுக்கறவரு. இந்தம்மா வேல தொலஞ்சா தேடிக் குடுப்பாரு."

மேஸ்திரி தட்டைத் துணியால் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். எட்டுகூட ஆகவில்லை. கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தார். பிறகு ஒரு விரலைக் காட்டினார்.

"ஒண்ணு. ஒரே ஒரு கூண்டு. இன்னொண்ணு ஒம்பதுக்குத்தான். ஏதாச்சும் ஆனா நீதான் சொன்னேன்னு சொல்லுவேன்."

"சொல்லுங்க."

தொட்டிக்காரர் ஒரு கூண்டைத் தூக்கினார். நான் கழுவினேன். நாற்பத்தெட்டிலும் தண்ணீர் விரிப்பாக இறங்கியது. காயவைத்துக்கொண்டிருந்தபோது முதலாளி வந்தார். பலகைமேல் தட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

மேஸ்திரி சொன்னபடியே சொன்னார். "இந்தம்மா கேட்டுச்சிங்க. நான் ஒரு கூண்டு எடுக்க சொன்னேன்."

முதலாளி சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாதபோதுதான் பயம்.

"ராகு காலத்துல கை வெச்சிருக்கிற. சரி. இத தனியா முக்கு, தனியா சுடு, தனியா அடுக்கு. நாப்பத்தெட்டுல நாப்பது நிக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் புதன்கெழமையோட நின்னுக்க."

"அந்தக் கூண்டு?" என்றேன்.

"அது நேரம் பாத்து எடுக்கறது. அதப் பத்தி நீ பேசாத."

ஒன்பது அடித்ததும் இரண்டாவது கூண்டு வந்தது. அதையும் நான்தான் கழுவினேன். இரும்பு இன்னும் கறுத்து, தொட்டால் சொரசொரவென்று இருந்தது. அதையும் குறை வைக்காமல்தான் கழுவினேன். அன்றே இரண்டுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் வெள்ளை. சாயங்காலம் கிடங்கில் ஜன்னல் பக்கம் என் கூண்டு, சுவர் பக்கம் ஒன்பது மணிக் கூண்டு என்று அடுக்கினோம். முதலாளி பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

என் தொட்டிக்கும் கிடங்குக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

செவ்வாய்க்கிழமை காலை நான் கழுவிக்கொண்டிருந்தபோது முதல் 'டிக்' கேட்டது. கை நின்றுவிட்டது. எந்த அடுக்கு என்று தெரியாது. சுவரில் காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. கையைத் தண்ணீரில் விட்டதும் இன்னொன்று. ஜன்னல் பக்கமா, சுவர் பக்கமா? கிட்டத்தில் கேட்டால் சுவர் பக்கம் என்று நினைத்தேன். அப்புறம் எல்லாமே கிட்டத்தில் கேட்டது. அப்புறம் எல்லாமே தூரத்தில் கேட்டது.

"அது ஒன்னுதுதான்" என்றாள் அக்கா, கூழைக் கலக்கிக்கொண்டே. அவளுடைய ஓரகத்தி மகளுக்கு வேலை கேட்டுக்கொண்டிருந்தாள். அதை அவள் மறைக்கவும் இல்லை.

"இருக்கட்டும்க்கா."

"எனக்கு ஒம்மேல கோவம் இல்லடி. அந்தப் பொண்ணும் சும்மா கெடக்குது, அதான்."

"தெரியும்க்கா."

தொட்டிக்காரர் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். சத்தம் வந்ததும் மறுபடி மெல்லுவார். எண்ணிப் பார்த்தேன். பதினைந்துக்குமேல் போனதும் விட்டுவிட்டேன். எண்ணுவதால் என்ன ஆகப்போகிறது? இரண்டு அடுக்கையும் சேர்த்துத்தானே எண்ணுகிறேன்.

மத்தியானம் களி கொண்டுவந்திருந்தேன். உருண்டையைப் பிட்டு வாயில் போட்டதும் ஒரு 'டிக்'. மிச்ச உருண்டையை மூடி வைத்தேன். உலைக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இரும்பு குடிக்குமாம்மா?"

"எனக்கென்ன தெரியும்."

"எனக்கும் தெரியாது. திராவகத்துல கெடந்தா எதையோ குடிச்சிடுதுன்னு நெனைக்கிறேன். கண்ணாடி மூடுனதும் மூச்சு முட்டி வெளிய வரப் பாக்குது. அத்திப்பள்ளி போயிட்டு வந்து என் வயிறு பண்ணல? அது மாரி."

அவர் சொன்னது சரியா என்று நான் யாரையும் கேட்டதில்லை.

அன்று வேலை முடிந்ததும் நேராக அறைக்குப் போகவில்லை. சந்தைத் திடலைச் சுற்றினேன். கிருஷ்ணகிரி பஸ் நிற்கிற இடத்தில் நின்றேன். அஞ்செட்டிப் பக்கம் போகிற பஸ் எப்போது என்று ஒருவரிடம் கேட்டேன். நாளைக்குக் காலையில் ஒன்று இருக்கிறது, அதை விட்டால் மறுநாள்தான் என்றார். எதற்குக் கேட்டேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. அறைக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். எழுந்து போய் அது விழுந்திருக்கிறதா என்று மறுபடி பார்த்தேன்.

புதன்கிழமை சத்தம் குறைந்துவிட்டது. சத்தம் இல்லாதது அதைவிட மோசமாக இருந்தது. தெறிக்கிறதெல்லாம் தெறித்து முடிந்துவிட்டதோ என்று இருந்தது.

நாலு மணிக்கு லாரி வந்தது. முதலாளி கிடங்கைத் திறந்தார். முதலில் சுவர் பக்கத்து அடுக்கைப் பார்க்கச் சொன்னார். ஒன்பது மணிக்கு எடுத்த கூண்டு. மேஸ்திரி ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறை, பிறை, பிறை. சிலவற்றில் ஒன்று, சிலவற்றில் அம்மை போட்ட மாதிரி. நின்றவை பத்தைத் தாண்டவில்லை. லாரிக்காரர் பீடியை எடுத்துப் பற்றவைத்தார்.

"இப்ப அது" என்றார் முதலாளி.

மேஸ்திரி ஜன்னல் பக்கம் போனார். நல்லதை இடதுகைப் பக்கமும் தெறித்ததை வலதுகைப் பக்கமும் வைத்தார். நல்லதைக் கன்னடத்தில் எண்ணினார். நான் மனதுக்குள் தமிழில் எண்ணினேன். மேலே இருந்தவை நன்றாக இருந்தன. நடுவில் வந்ததும் வலதுபக்கம் ஒன்று போனது. உடனே இன்னொன்று. அப்புறம் இரண்டு சேர்ந்தாற்போல.

"மெதுவா பாரு மேஸ்திரி" என்றார் உலைக்காரர். "வெளிச்சத்துல தூசி கூட பிறையாட்டம் தெரியும்."

"நீ சும்னிரு."

வலதுபக்கம் ஏழு சேர்ந்துவிட்டது. அடுக்கில் இன்னும் இருபது தட்டு இருந்தது. எட்டு வரைக்கும் தாங்கும். ஒன்பதாவது போனால் நான் போகவேண்டும். வாசலுக்குப் போய்த் திரும்பினேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் கையில் கூழ் காய்ந்து வெள்ளையாக இருந்தது.

மேஸ்திரி ஒரு தட்டை எடுத்துச் சாய்த்தார். வெகுநேரம் பார்த்தார். விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்தார். இடதுபக்கம் வைத்தார். அடுத்ததும் இடதுபக்கம். அதற்கு அடுத்ததும். முதலாளி கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். அவரே ஒன்றை எடுத்துத் திருப்பினார், இடதுபக்கம் வைத்தார். மேஸ்திரியின் எண்ணிக்கை வேகமானது. நான் எண்ணுவதை விட்டுவிட்டு வலதுபக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஏழுதான் இருந்தது.

கடைசித் தட்டை வைத்தார்கள். முதலாளி இடதுபக்கத்து அடுக்கைத் தானே முதலிலிருந்து ஒரு தடவை எண்ணினார்.

நாற்பத்தொன்று.